மூன்றாம் அடுக்கில் ஒரு டம்ளர்

வெள்ளெருக்கம்வலசில் அந்த அபார்ட்மெண்டுக்குக் கடைக்கால் தோண்டுவதற்கு ஒரு வருஷம் முன்பே அதில் ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும், அவர்களோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. அந்தப் புரட்டாசிச் செவ்வாய்க்கிழமை காலையில் குழாயடியில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய் உலை வைத்தார்கள், அப்புறம் ஆடி மாதம் வரைக்கும் அதைப் பற்றிப் பேசிப் பேசியே பொழுதைக் கழித்தார்கள்.

முதலில் பார்த்தவர் சென்னியப்பன். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அவர்தான் ஆபரேட்டர், மேடை மேல் நிற்கும் அந்தத் தொட்டியை ஒட்டி இரண்டு அறையில் ஒரு ஓட்டு வீடு, அதில் அவர் மட்டும். பதினைந்து வருஷம் பெண் பார்த்து, புரோக்கர்களுக்கே சலித்துப்போய், கடைசியில் அவருடைய அம்மாவும் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. மூன்று நாளைக்கு ஒரு முறை ஆற்றுத் தண்ணீர் வரும். வந்ததும் ஆள் உயரத்துக்கு இருக்கும் இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு வீதியாகப் போய், கேட்வால்வைத் திருகி, வடக்கு வீதிக்கு முக்கால் மணி, தெற்கு வீதிக்கு முக்கால் மணி என்று முறை வைத்து விடுவார். அவர் விட்ட தண்ணீரைத்தான் ஊரே குடித்தது, ஆனால் "ஏனுங் சென்னியண்ணா, தண்ணி இன்னம் வல்லீங்களே" என்பதைத் தவிர அந்த எட்டு வருஷத்தில் அவர் வாசலில் வேறு பேச்சு விழவில்லை. தண்ணீர் ஒழுங்காக வந்த நாளில் அவரிடம் யாருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை.

தொட்டிக்குக் கிழக்கே இருந்த கொள்ளுக்காட்டை வாங்கிய கம்பெனிக்காரர்கள் கல் நட்டு, எட்டு மாடிப் படம் போட்ட போர்டும் வைத்து, கட்டட வேலைக்கு ஆகும் என்று பஞ்சாயத்துக் குழாயிலிருந்து ஒரு இணைப்பும் இழுத்துக் காட்டுக்குள் குத்தவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது அடைத்திருக்கிறதா என்று பார்க்கத்தான் சென்னியப்பன் அன்றைக்கு அந்த வால்வைத் திருகினார். தண்ணீர் குழாயின் வாயிலிருந்து தரையில் விழவில்லை. நேராக மேலே ஏறியது, கைத்தடி கனத்தில் நெட்டுக்குத்தாக ஏறி, ஒன்பது இடத்தில் கிளை பிரிந்து, கிளையிலிருந்து கிளை பிரிந்து, உச்சியில் சதுரமாக ஒரு குளம் கட்டி நின்றது. சுவர் இல்லை, குழாய் இல்லை, தண்ணீர் மட்டும் வெயிலில் மின்னியது. கொஞ்ச நேரத்தில் அங்கங்கே அந்தரத்தில் வாளி உருவத்தில் தண்ணீர் நிறைந்தது, குண்டா உருவத்தில் நிறைந்தது, ஐந்தாம் அடுக்கில் யாரோ வாய் கொப்பளித்துத் துப்பினார்கள். சென்னியப்பன் வாட்சைப் பார்த்து அரை மணி கழித்து வால்வை அடைத்துவிட்டுத் தெற்கு வீதிக்குப் போனார், அங்கே ஏற்கனவே நேரமாகியிருந்தது.

ஊர் முதல் நாள் பயந்தது, இரண்டாம் நாள் கற்பூரம் கொளுத்தியது, மூன்றாம் நாள் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டது. நாலாம் அடுக்குப் பொம்பளை பல் விளக்கும்போது குழாயைத் திறந்தே விடுகிறாள், ஆறாம் அடுக்கில் ஒரு ஆள் தலையோடு மழை மாதிரி விட்டுக்கொண்டு அரை மணி நேரம் நிற்கிறான், இவனுக்கெல்லாம் வேலைவெட்டி இல்லையா என்று குழாயடியில் பேச்சு. குளிக்கிற தண்ணீர் குளிப்பவர்களின் உருவத்தை அப்படியே காட்டியதால், காலை ஆறிலிருந்து எட்டு வரை யாரும் கிழக்கே பார்க்கக் கூடாது என்று பஞ்சாயத்துத் தலைவர் சுலோச்சனா தண்டோரா போட வைத்தார். அந்த இரண்டு மணி நேரமும் ஊரில் எல்லோரும் மேற்கே பார்த்து நின்றுகொண்டுதான் பேசினார்கள், வேண்டுமென்றே கழுத்துச் சுளுக்கிக்கொண்ட இரண்டு பேரைத் தவிர. எல்லாவற்றுக்கும் கீழே, முதல் அடுக்கில், பெரிய பெரிய முதுகுகள் மேல் குழாய்த் தண்ணீர் வழிந்து வழிந்து இறங்கியது. எருமை வைத்திருக்கும் பாவாயி வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "எருமைதானுங், பாருங்க எத்தன பாந்தமாக் கழுவியுடறாங்கொ, வெகு நல்ல சனமாத்தான் இருக்கோணும்" என்றாள். முதல் அடுக்குக்காரர்கள் பால்மாடு வைத்திருப்பவர்கள் என்று அன்றோடு முடிவானது, கொம்பு ஏன் தெரியவில்லை என்று கேட்ட ஒருவனை யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஒரு தடவை, தை மாதத்தில், ஆற்றுத் தண்ணீர் குறைந்தபோது அவர்களுக்கு விடுவதை நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் உச்சிக் குளம் வற்றியது, வாளிகள் காலியாகிக் கண்ணுக்குத் தெரியாமல் போயின, எட்டாம் நாள் அந்த அந்தரத்தில் மிச்சம் இருந்தது ஏழாம் அடுக்கில் ஒரு குழந்தை உயரத்தில் உருண்டு இறங்கிய சின்னச் சின்னச் சொட்டுகள் மட்டும்தான். பாவாயியே சாவியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு சென்னியப்பனிடம் வந்து, "தொறந்து உடுங்ண்ணா, இதப் பாத்துட்டு எப்படிச் சோறு எறங்கும்" என்றாள். அன்றிலிருந்து செவ்வாயும் சனியும் அரை மணி நேரம் அவர்கள் முறை என்று பஞ்சாயத்து நோட்டில் எழுதினார்கள். எதிர்த்துப் பேசியவர்கள்கூட அந்த அரை மணியில் கை வைக்கவில்லை.

சென்னியப்பனுக்கு மற்ற அடுக்குகளைப் பற்றிக் கவலை இல்லை. அவருக்கு மூன்றாம் அடுக்கு, தொட்டியைப் பார்த்த மூலை, அது ஒன்றுதான். அங்கே வாளி நிறையாது, குண்டா நிறையாது, ஒரு குடம் பிடித்தால் நாலு நாள் வரும். தினமும் மத்தியானம் நாலு மணிக்கு அந்தக் குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிரியும். முதலில் கொஞ்சம் ஊற்றி அலசும், மறுபடி அலசும், பிறகு நிறைந்து, அந்தரத்தில் மிதந்து விளிம்பு வரைக்கும் வந்து நிற்கும். குருவிக்குப் போல ஒரு வாய் ஓரமாக எங்கோ ஊற்றும், மிச்சம் ஒரு முழம் உயரே தூக்கி அண்ணாந்து ஊற்றப்பட்டு மறையும். எச்சில் படாமல் குடிக்கிற ஆள். ஒற்றை டம்ளருக்கு மேல் இரண்டாவது டம்ளர் ஒரு நாளும் பிரிந்ததில்லை, ஆகவே அங்கேயும் ஒருவர்தான் என்று சென்னியப்பன் தெரிந்துகொண்டார்.

அவரும் நாலு மணிக்குத்தான் தண்ணீர் குடிப்பவர். தன்னுடைய டம்ளரை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய், நேர் கீழே நின்று, மேலே டம்ளர் உயரும்போது இவரும் உயர்த்திக் குடித்தார். பிறகு பேசினார். எட்டு வருஷம் தண்ணீர் வந்தது வராததைத் தவிர வேறு பேசாத மனிதர், வாஷர் தேய்ந்துபோனதைச் சொன்னார், அம்மா கடைசி நாளில் கொத்தமல்லிச் சட்டினி கேட்டதையும் அதற்குள் தான் கடைக்குப் போய் வரப் பிந்திவிட்டதையும் சொன்னார், தீபாவளிக்கு மூன்று பேர் பலகாரம் கொடுத்தார்கள், மூன்றும் ஒரே கடைப் பலகாரம் என்று சொன்னார். மேலே டம்ளர் நகராமல் கேட்டுக்கொண்டு நின்றது. அவர் பேசி முடித்தபிறகுதான் உள்ளே போகும். தன்னை யாரோ முடிகிற வரைக்கும் கேட்கிறார்கள் என்பது அவருக்குச் சந்தோஷமாகவும் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

ஆனியில் கம்பெனிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். கட்டடத்துக்கு ஊர் சம்மதம் என்று கிராம சபையில் தீர்மானம் வேண்டும். அத்தோடு ஊர் கிழிந்தது இரண்டாக. வீதிகளில் ஒரு வாரம் வேறு பேச்சில்லை.

"வந்து ஒரு வருசமாகப் போகுது, இனிமேப் போய் வராதீங்கன்னா அது மொறையாங்? நாளைக்கு அத்தன குடும்பமும் கீழ எறங்குனா தினம் முந்நூறு டீ போகும்" என்றார் டீக்கடை அங்கமுத்து. அவருக்குக் கட்டடம் வேண்டும், அதை அவர் ஒளிக்கவில்லை.

"இல்லாதவங்களே இத்தன தண்ணி குடிச்சா, நெசமா வந்து உக்காந்தா நம்மளுக்கு நாக்கு நனைக்கவாவது மிஞ்சுமாங்?" என்றாள் பாவாயி. "அவங்க நல்லவங்கதான், நான் இல்லீங்கல. ஆனா என்ற எருமையும் குடிக்கோணுமில்ல."

இரண்டு முறை சபை கூடிக் கலைந்தது, சரிபாதியாக நின்றார்கள், ஒரு பக்கம் சாய்க்க ஆள் இல்லை. அப்போதுதான் சுலோச்சனாவுக்குத் தோன்றியது, ஊரின் தண்ணீர்க் கணக்கு தெரிந்த ஒரே ஆளை இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லையே என்று. ஆடிப் பதினெட்டு கழிந்த மறுநாள் சிறப்புக் கிராம சபை, அதில் தொட்டி தாங்குமா தாங்காதா என்று சென்னியண்ணன் ஒரு வார்த்தை சொல்லட்டும், அதுவே முடிவு என்றார். இரு தரப்பும் கைதட்டி ஒப்புக்கொண்டது. அந்த வாரம் முழுக்க அவர் வாசலுக்கு ஆட்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், உடம்பு எப்படி என்று விசாரித்தார்கள்.

தாங்காது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். மூன்று நாளைக்கு ஒரு முறை வரும் தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒரு முறை ஆகும், அதுவும் வெயில் காலத்தில் நிச்சயமில்லை. ஆனால் தாங்காது என்று சொன்னால் இணைப்பைப் பிடுங்கிவிடுவார்கள், உச்சிக் குளம் வற்றும், நாலு மணி வரும், மேலே ஒன்றும் இருக்காது.

ஆடிப் பதினெட்டு அன்று ஊரே முளைப்பாரியோடு ஆற்றுக்குப் போயிருக்க, சென்னியப்பன் நாலு மணிக்குக் காட்டுக்குள் போய் நின்றார். மேலே டம்ளர் விளிம்புக்கு வந்து காத்திருந்தது.

"நாளைக்கு என்னையக் கேக்கறாங்" என்றார். "என்ற ஒருத்தனோட வார்த்தைதானாம். எனக்கு ஒண்ணும் ஓடலீங். நீங்களே சொல்லுங். வரோணும்னா அந்தத் தண்ணியக் கீழ ஊத்திப்போடுங். வேண்டாம்னா எப்பவும் போலக் குடிச்சுப்போடுங், நான் மனசத் தேத்திக்கறன்."

டம்ளர் அசையவில்லை. ஒரு எருமையைக் கறந்து முடிக்கிற நேரம் அப்படியே நின்றது. அதில் தண்ணீர் மட்டும் லேசாக நடுங்கியது. சென்னியப்பன் கழுத்து வலித்தாலும் குனியவில்லை. பிறகு அது மெல்லச் சாய்ந்தது, தண்ணீர் மூன்றாம் அடுக்கிலிருந்து இறங்கி அவருடைய நெற்றியில் விழுந்து, கழுத்தில் ஓடி, சட்டையை நனைத்தது.

மறுநாள் சபையில் அவர் எழுந்து, "தாங்குமுங்" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். பாவாயி மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், மூன்று தலைமுறையாகக் கிணறு வற்றுவதைப் பார்த்த வம்சம், அவளுக்குத் தெரியாதா என்ன.

ஆவணியில் கடைக்கால் தோண்டினார்கள், முதல் கான்கிரீட் விழுந்த அன்று தண்ணீர் அந்தரத்தில் ஏறுவது நின்றுபோனது. சாமான் செட்டு எடுத்து வரப் போயிருக்கிறார்கள் என்று ஊர் சொன்னது. மூன்று வருஷத்தில் கட்டடம் எழுந்தது. உள்ளே போக ரோடு வேண்டும் என்று சென்னியப்பனின் வீட்டை இடித்தார்கள், வீட்டுக்கு வீடு என்று அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். வால்வுகளைத் திறந்து மூடத் தானாக ஓடும் மோட்டார் வந்தது, இரும்புச் சாவி ஆபீஸ் மூலையில் துருப்பிடித்தது. ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒரு முறையானது, பாவாயி இரண்டு எருமைகளையும் சந்தைக்கு ஓட்டிப்போனாள். ஓட்டிக்கொண்டு போகும்போது எதிரே வந்த சென்னியப்பனைப் பார்த்து நின்றாள், ஏதோ கேட்க வாயெடுத்தாள், கேட்காமல் போய்விட்டாள். அதற்கு அவள் காறித் துப்பியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

இருந்தும் புரட்டாசியில் குடிபோன அன்று அவர் நாலைந்து தடவை வாட்சைப் பார்த்துக்கொண்டார். அந்த ஆள் வந்திருப்பார் அல்லவா. நாலு மணிக்குக் கையில் டம்ளரோடு படியேறி மூன்றாவது மாடிக்குப் போய், தொட்டியைப் பார்த்த மூலை வீட்டுக் கதவைத் தட்டினார். காதில் எதையோ மாட்டியிருந்த ஒரு பையன் திறந்து, "பார்சலா?" என்றான், அவன் கையில் மூக்கு வைத்த பாட்டில் இருந்தது, வாய் வைத்து உறிஞ்சினான். அவன் இல்லை. பக்கத்து வீட்டில் மூன்று பேர், எதிர் வீட்டில் ஐந்து பேர், ஒருவரும் அண்ணாந்து குடிக்கவில்லை. ஒரு மாடி இறங்கித் தன் மாடியில், தன் வரிசையில், மற்ற கதவுகளைத் தட்டினார். பல் விளக்கும்போது குழாயைத் திறந்தே விடும் அந்தப் பெண்ணை மட்டும் அடுத்த நாள் காலை மூன்றாவது மாடியில் கண்டுபிடித்துவிட்டார், சத்தமே காட்டிக்கொடுத்தது. "ஏங் கண்ணு, நாலு வருசத்துக்கு முந்தியே உன்னையத் தெரியும்" என்று ஆசையாகச் சொன்னார். மறுநாள் லிஃப்டில், அடுத்தவர் கதவைக் காரணமில்லாமல் தட்டக் கூடாது என்று சங்கத்தின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு அவரிடம் பேச அந்தக் கட்டடத்திலும் யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

சித்திரையில் ஒரு நாள் காலை, வேறு வேலை இல்லாமல் பால்கனியில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். தரைத் தளம் முழுக்கத் தூண்களும் கார்களும்தான், வீடு கிடையாது. வாட்ச்மேன் குழாயைப் பிடித்து ஒரு காரைக் கழுவினான். தண்ணீர் அதன் முதுகில் ஏறி, வளைந்து, வழிந்து வழிந்து இறங்கியது. பாவாயியின் எருமைகள்! சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது, அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார், அவள் பேசுவதில்லை என்பது பிறகு நினைவுக்கு வந்தது. அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றது. கார் நிற்கும் இடத்தை இவர்கள் மாடியாகக் கணக்கில் வைப்பதில்லை. ஊர் வைத்தது. ஊர் அதைத்தான் முதல் அடுக்கு என்றது. அவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து எண்ணினார். எருமை ஒன்று, அதற்கு மேல் வீடு இரண்டு, அதற்கு மேல் மூன்று. மூன்றாவதில் தொட்டியைப் பார்த்த மூலையில் அவர்தான் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே போய் உட்கார்ந்தார். ஒரு குடம், நாலு நாள் வரும். டம்ளரை இரண்டு முறை அலசுவது, அம்மா சொல்லிக் கொடுத்தது. குருவிக்கென்று பால்கனிச் சிரட்டையில் ஒரு வாய். அண்ணாந்து குடிக்கும்போது எவனும் தன்னைப் பார்த்துக்கொள்ள முடிவதில்லை, அதனால்தான் தெரியவில்லை. ஒரு வருஷம் முழுக்க அத்தனை பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தது யாருமில்லை. அதைவிட, இங்கே நாலு மணிக்கு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்து யோசித்து நின்றது அவருக்கு நினைவிருக்கிறது, கீழிருந்து ஒரு சொல்லும் காதில் விழுந்ததில்லை. அன்றைக்கு அவர் வாய்விட்டு அழுதார்.

ஆனால் மறுநாள் நாலு மணிக்கு டம்ளரோடு போய் நின்றார். கீழே பதினாலு என்று எண் எழுதிய கார் நிறுத்தும் இடம் காலியாகக் கிடந்தது. அங்கேதான் ஒருவன் நின்று அம்மாவின் சட்டினியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பான். கேட்காவிட்டாலும் போகக் கூடாது என்று, அவன் முடித்திருப்பான் என்று தோன்றும் வரை நின்றார். வைகாசி முழுக்க நின்றார், ஆனி முழுக்க நின்றார்.

ஆடிப் பதினெட்டு வந்தது. ஊரிலிருந்து இந்த வருஷம் யாரும் ஆற்றுக்குப் போகவில்லை, ஆற்றில் மணல்தான் இருந்தது. நாலு மணிக்குச் சென்னியப்பன் டம்ளரை இரண்டு முறை அலசி நிறைத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தார். என்ன கேட்கிறான் என்று அவருக்குத் தெரியும். குடித்துவிட்டால் போதும். அவன் நாளைக்குத் தாங்காது என்பான், மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும், எருமைகள் கொட்டகையில் நிற்கும், ஓட்டு வீடு நிற்கும், பாவாயி பேசுவாள். டம்ளரை வாய்க்கு மேலே தூக்கப் போனார். நாளையிலிருந்து நாலு மணிக்கு அவன் எங்கே போவான்? மனசைத் தேத்திக்கொள்கிறேன் என்பான், அது பொய், அவனுக்குத் தேத்திக்கொள்ளத் தெரியாது. வேறு ஒருவரும் இல்லை அவனுக்கு. டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. கீழே கழுத்து வலிக்க வலிக்க அவன் நிமிர்ந்தே நிற்பான் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

வெகுநேரம் கழித்து டம்ளரைக் கம்பிக்கு வெளியே நீட்டிச் சாய்த்தார்.

தண்ணீர் சிமெண்ட் தரையில் போய் விழவில்லை. தரைக்கு ஒரு ஆள் உயரம் மேலே எதிலோ பட்டு உடைந்து, நெற்றியாக வழிந்து, மூக்காக இறங்கி, இரண்டு தோளாகப் பிரிந்தது. அந்தத் தண்ணீர் முகம் அண்ணாந்து அவரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தது. தான் அப்படிச் சிரித்ததாகச் சென்னியப்பனுக்கு நினைவே இல்லை. ஆடி வெயிலில் அது காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு உள்ளே போய் இன்னொரு டம்ளர் பிடித்துக் குடித்தார். லாரித் தண்ணீர், உப்புக் கரித்தது.